யோகோஹாமாவில் தொடக்கப் பள்ளி: ஒரகடத்திலிருந்து வரும் தாய்க்கு ஒரு பதில்

கணவருக்கு ஒரகடத்திலிருந்து ஜப்பானின் யோகோஹாமாவுக்கு மாற்றல் வந்திருக்கிறது, அக்டோபரில் குடும்பத்தோடு புறப்படுகிறோம், மகளை அங்குள்ள நகராட்சிப் பள்ளியில் சேர்த்தால் தோடு, பொட்டு, சைவச் சாப்பாடு இவற்றையெல்லாம் அனுமதிப்பார்களா, அம்மாக்களைக் கூப்பிட்டு வேலை வாங்குவார்கள் என்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். நான் 14 ஆண்டுகளாக அந்த ஊரில் இருக்கிறேன். மூத்தவன் நகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஆறு வருடமும் படித்து முடித்துவிட்டான். இளையவள் இன்னும் படிக்கிறாள். கோடை விடுமுறைக்குப் பெரம்பூரில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கும்போது உங்கள் கேள்வி கிடைத்தது. காலை ஏழரைக்கு வாசலில் வேன் அண்ணா ஹாரன் அடிக்க, எதிர்வீட்டுப் பாட்டி லஞ்ச் பையைத் தூக்கிக்கொண்டு பேத்திக்குப் பின்னாலேயே ஓடுகிறார். அங்கே வேனும் கிடையாது, பையைத் தூக்கிவரப் பாட்டியும் கிடையாது. முதல் வகுப்புக் குழந்தையும் தன் பையைத் தானே சுமந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு நடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். முதல் சில நாட்கள் நீங்கள் கூடவே போய் வழி காட்டலாம். அதற்கு மேல் போனால் மகளே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

சேர்க்கையைப் பற்றிக் கவலையே வேண்டாம். குடியேறிய 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யப் போவீர்கள் அல்லவா, அப்போதே பள்ளிக்கும் விண்ணப்பித்துவிடலாம். எந்தப் பள்ளி என்பதை உங்கள் வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. நேர்காணல் இல்லை, டொனேஷன் இல்லை, கல்விக் கட்டணம் இல்லை, பாடப் புத்தகமும் இலவசம். வெளிநாட்டவருக்கு அங்கே கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது என்றாலும், விரும்பிக் கேட்கும் குழந்தையை மறுப்பதில்லை. ஒன்றுக்கு மட்டும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஆறு வயது நிறைந்திருக்கும் குழந்தைதான் அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேரும். உங்கள் மகளுக்கு வரும் நவம்பரில்தான் ஏழு நிறைகிறது என்கிறீர்கள். சென்னையில் இரண்டாம் வகுப்பில் இருப்பவளை அங்கே முதல் வகுப்பில் உட்கார வைப்பார்கள். நன்றாகப் படிக்கிறாள், மேல் வகுப்பில் போடுங்கள் என்று கேட்டுப் பயனில்லை. வயதுதான் வகுப்பு, முந்தவும் முடியாது, பெயிலாகவும் முடியாது. ரேங்க் கார்டும் கிடையாது. மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்காக நகராட்சியே ஹிமாவாரி என்ற பயிற்சி நிலையத்தில் சில வாரங்கள் ஜப்பானிய மொழியையும் பள்ளிப் பழக்கங்களையும் கற்றுக்கொடுக்கிறது. அதற்கு இடம் கிடைக்குமா என்று பள்ளியில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வேலை வாங்குவார்களா என்ற கேள்விக்கு, ஆம் என்பதே பதில். ஆனால் அதில் பெரும்பகுதி நீங்கள் எதிர்பார்க்கும் வகை வேலை அல்ல. சேர்ந்த வாரத்தில் கணக்குப் பெட்டி என்று ஒன்று தருவார்கள் அல்லது வாங்கச் சொல்வார்கள். அதற்குள் எண்ணிப் பழகும் குச்சிகள், பொத்தான் அளவு வில்லைகள், அட்டைகள் என்று ஏராளமான சில்லறைப் பொருட்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு குச்சியிலும்கூட, குழந்தையின் பெயர் இருக்க வேண்டும். மூத்தவனுக்காக இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து, அரிசி அளவு ஒட்டுத்தாளில், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கடகானா என்ற ஜப்பானிய எழுத்தில் அவன் பெயரை ஒட்டியதை நினைத்தால் இன்றும் கழுத்து வலிக்கிறது. அந்த எழுத்தில் ழகரம் கிடையாது, லகரமும் ரகரமும் ஒன்றுதான். ஆகவே பெயர் எப்படி ஒலிக்கப் போகிறது என்பதை முன்பே முடிவு செய்து, எல்லாப் பொருளிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். தரை துடைக்கப் பழைய துண்டை மடித்துத் தைத்த துணியும் கேட்பார்கள், ஏனென்றால் அங்கே ஆயாம்மா இல்லை. வகுப்பறை, தாழ்வாரம், படிக்கட்டு எல்லாவற்றையும் பிள்ளைகளே கூட்டித் துடைக்கிறார்கள். என் பிள்ளையை ஏன் துடைக்கச் சொன்னீர்கள் என்று ஒரு முறைகூட நினைக்காமல் இருக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

மதியச் சாப்பாட்டையும் பிள்ளைகளே பரிமாறுகிறார்கள். முறை வரும் வாரத்தில் உங்கள் மகள் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் போட்டுக்கொண்டு சூப் வாளியைத் தூக்கி வந்து வகுப்புக்கே ஊற்றுவாள். வெள்ளிக்கிழமை அந்த அங்கி வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும், அடுத்த வாரம் அதை வேறொரு குழந்தை போட்டுக்கொள்ளும். சைவம் என்றால் சிக்கல்தான். காய்கறிக் கூட்டு போலத் தெரிவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். மாதப் பட்டியலை முன்கூட்டியே தருவார்கள். ஆசிரியரிடம் பேசினால் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர அனுமதிக்கும் பள்ளிகள் பல. நான் பாலை மட்டும் பள்ளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லி, மற்றதை வீட்டிலிருந்தே அனுப்பினேன். பிறந்தநாளுக்கு மட்டும் சாக்லெட் அனுப்பிவிடாதீர்கள். இங்கே கலர் டிரெஸ் போட்டு வகுப்புக்கே சாக்லெட் கொடுப்போமே, அந்த நினைப்பில் மூத்தவனிடம் 35 சாக்லெட் எண்ணிக் கொடுத்தேன். சாயங்காலம் 35-ம் அப்படியே திரும்பி வந்தன, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் தின்பண்டம் கூடாது என்ற மிகப் பணிவான குறிப்போடு.

தோட்டுக்கு வருகிறேன். பெரும்பாலான பள்ளிகளில் நகைக்கு அனுமதி இல்லை, விளையாட்டு வகுப்பில் காது கிழியும் என்பது காரணம். எங்கள் வழக்கம், குழந்தையிலேயே காது குத்திவிடுவோம் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லும் பள்ளி உண்டு. கழற்றியே ஆக வேண்டும் என்ற பள்ளியும் உண்டு. இளையவள் விஷயத்தில் எங்களுக்கு இரண்டாவதுதான் வாய்த்தது. அம்மா தொலைபேசியில், "ஓட்டை தூர்ந்துடும்டீ, வேப்பங்குச்சியாவது போட்டு வை" என்று தினம் புலம்பினார். யோகோஹாமாவில் வேப்பமரத்துக்கு நான் எங்கே போவேன்? இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மெல்லிய பிளாஸ்டிக் கம்பியைப் போட்டுவைத்தும் ஒரு பக்கம் தூர்ந்துவிட்டது, சென்னைக்கு வந்து மறுபடி குத்தினோம். உங்கள் மாமியார் வருத்தப்படுவார் என்றால் இப்போதே சொல்லிவையுங்கள், அங்கே போய்ச் சொல்வதைவிட அது நல்லது. ஒட்டுப் பொட்டை யாரும் தடுத்ததில்லை. இரண்டாம் வகுப்பில் என் மகளே அதை எடுத்துவிட்டாள், நானும் வற்புறுத்தவில்லை.

பெற்றோர் சங்க வேலை, சாலையைக் கடக்கும் இடத்தில் மஞ்சள் கொடி பிடித்து நிற்கும் முறை, வகுப்பைப் பின்னால் நின்று பார்க்கும் நாள், ஆசிரியருடன் தனிச் சந்திப்பு ஆகியவை வந்துகொண்டே இருக்கும். சட்டப்படி சங்கத்தில் சேர்வது கட்டாயமில்லை, ஆனாலும் சேருங்கள்; பள்ளியிலிருந்து வரும் குறிப்புகளைப் படித்துச் சொல்ல ஒரு ஜப்பானிய அம்மாவின் துணை கிடைப்பது அங்கேதான். எனக்குக் கொடி பிடித்த இடத்தில் கிடைத்த தோழிதான் இன்றுவரை துணை.

காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இன்ஃப்ளுயென்சா என்றால் நோய் தொடங்கி 5 நாளும், காய்ச்சல் விட்டு 2 நாளும் கழிந்தால்தான் பள்ளிக்கு விடுவார்கள். அந்த நாட்களை விடுப்பாகக் கணக்கிடுவதில்லை. நீச்சல் நாளில் காலையில் உடல் வெப்பத்தைப் பார்த்து அட்டையில் எழுதி முத்திரையிட வேண்டும், மறந்தால் குழந்தை கரையில் உட்கார வேண்டியதுதான். ஒரு முறை நான் மறந்து, அன்று மாலை முழுவதும் மகள் என்னோடு பேசவில்லை.

பிள்ளைகள் முதுகில் சுமக்கும் ரண்டோசெரு என்ற தோல் பையைப் புதிதாக வாங்கப் பெரும்பாலும் 50,000 யென்னுக்கு மேல் ஆகும். ஆறு வருடம் உழைப்பது உண்மைதான், ஆனால் நடுவில் வந்து சேரும் உங்களுக்கு அது தேவையில்லை. சாதாரணப் பையே போதுமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் யாராவது படித்து முடித்த பிள்ளையின் பையைத் தருவார்கள். பள்ளிக்குள் மட்டும் போடும் வெள்ளைக் காலணியை உடனே வாங்க வேண்டியிருக்கும். அங்கே காலணி அளவு சென்டிமீட்டரில்தான் இருக்கும், ஆகவே புறப்படும் முன் மகளை ஒரு தாளின் மேல் நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு எடுத்து வாருங்கள். கடையில் அதைவிட ஒரு சென்டிமீட்டர் கூட்டிக் கேளுங்கள்.