ஒளிய ஒரு கல்கூட இல்லாத நடுக்கடலில் மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன?

பாறையும் பவளமும் இல்லாத இடத்தில் எதன் பின்னால் போய் ஒளியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆராய்ச்சியாளன் இல்லை, மீன் வாங்கிச் சாப்பிடுகிறவன், கூடவே அதைப் பற்றித் தேடிப் படிக்கிற ஆள். அதனால் சந்தையிலிருந்தே தொடங்குகிறேன்.

சூரையை (டூனா மீன்) வெட்டும்போது பார்த்திருப்பீர்கள், சதை ஈரல் மாதிரி கருஞ்சிவப்பாக இருக்கும். பழைய மீன் போல என்று முதல்முறை நான் வாங்காமலே திரும்பிவிட்டேன். விஷயம் என்னவென்றால், சூரையால் நிற்கவே முடியாது. பெரும்பாலான மீன்கள் ஓரிடத்தில் இருந்தபடியே செவுளுக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொள்ளும். இது வாயைத் திறந்து நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாயும், நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடும். பிறந்ததிலிருந்து சாகும்வரை ஓட்டம் என்றால் தசைக்கு ஆக்சிஜன் கையிருப்பு வேண்டும் இல்லையா, அதைப் பிடித்து வைக்கிற மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்தச் சிவப்பு. ஓடுகிற தசையில் சூடு பிறக்கும், சாதாரண மீனுக்கு அது ரத்தத்தோடு செவுளுக்குப் போய்க் கடலில் கரைந்துவிடும். சூரைக்கோ ரத்தம் போகும் குழாயும் வரும் குழாயும் நெருக்கமாக ஒட்டி ஓடுவதால், வெளியே போகிற சூட்டை உள்ளே வருகிற குளிர்ந்த ரத்தம் வாங்கிக்கொள்கிறது. குளிர்கடலில் திரியும் நீலத்துடுப்புச் சூரையின் உடம்பு தண்ணீரைவிட 20 டிகிரி வரைகூட சூடாக இருக்கும். நம் பக்கத்துச் சின்னச் சூரைக்கு அவ்வளவு வித்தியாசம் இருக்காது, தண்ணீரே வெதுவெதுப்புதானே. பிடித்த கையோடு ரத்தம் வடியவிட்டு ஐஸில் போடாவிட்டால் சூரை சீக்கிரம் கெடுவதற்கு இந்தச் சூடும் ஒரு காரணம். கெட்டதைத் தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும், ஜாக்கிரதை.

சரி, ஒளிவது? முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்த்தால் ஆழத்து இருட்டோடும், கீழிருந்து பார்த்தால் மேலே தெரிகிற வெளிச்சத்தோடும் கலந்துவிடும். சூரை, அயிலை, கோலா (பறக்கும் மீன்) எல்லாவற்றுக்கும் இதே சாயம்தான். விலாங்குக் குஞ்சுகள் ஒருபடி மேலே போய்க் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோலா. துரத்தினால் தண்ணீரை விட்டே எழும்பிப் பறக்கும், அதாவது சறுக்கும். 2008இல் ஜப்பான் பக்கம் ஒன்று 45 விநாடி காற்றிலேயே இருந்ததைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அதன் பெரிய தலைவலி முட்டை. அடியில் இட்டு ஒட்டவைக்க நடுக்கடலில் தரை எங்கே? அதனால் முட்டையில் ஒட்டும் நூல்கள் இருக்கும், மிதக்கிற பாசி, குப்பை, எது கிடைத்தாலும் அதில் சுற்றிவிடும். நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்களுக்கு இது எப்போதோ தெரியும்! சீசனில் தழைகளைக் கட்டுக்கட்டாகக் கயிற்றில் கோத்து மிதக்கவிடுவார்கள், முட்டையிட வந்து மொய்க்கிற கோலாவை வலையால் அள்ளுவார்கள். கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் கோலாக் குழம்பு என்றால் நானும் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்கிறவன்.