கார்ட்டூனும் பிள்ளைகளும்: வாசகர் கேள்விகளுக்கு ரீச்சரின் பதில்

போன இதழில் கார்ட்டூன் பற்றி இரண்டே வரிதான் எழுதினேன், அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம் போதாது. நாலு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. இந்தியத் தமிழில் பேசும் டோரா, சோட்டா பீம் எல்லாம் பார்த்து, ‘கதைக்கிறேன்’ என்று சொல்லாமல் ‘பேசறேன்’ என்கிறான், எதற்கெடுத்தாலும் ‘ரொம்ப ரொம்ப’ என்கிறான். அம்மம்மாவுக்குக் கோபம். கார்ட்டூனையே நிறுத்திவிடவா? – ஒரு தாய், கொட்டாஞ்சேனை

நிறுத்த வேண்டாம். அம்மம்மாவின் கோபம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அந்தக் கோபத்தோடு அவர் அடுத்த அறைக்குப் போகாமல் பேரனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தால் நல்லது.

ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு சிங்களம் வந்ததே கார்ட்டூனால்தான். 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது, அதில் சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் பேச வைத்தார், பக்ஸ் பன்னி என்ற முயல் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆனது, டாக்டர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’ ஆனார். எங்கள் வீட்டில் அப்போது ரீவி இல்லை. வெள்ளவத்தையில் அதே ஒழுங்கையில் இருந்த ஒரு சிங்கள அக்கா வீட்டுத் திண்ணையில் இருந்துதான் பார்ப்போம். முயல் எதையாவது சொல்லும், அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார், நான் சிரிக்க முடியாமல் அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் அதையே மெதுவாகத் திரும்பச் சொல்லிக் கையால் செய்தும் காட்டுவார். அந்தச் சொற்கள் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. தனியே பார்த்திருந்தால் முயல் ஓடியது மட்டும்தான் நினைவிருக்கும்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பற்றிசியா கூல் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழியை ஓர் ஆள் நேரில் இருந்து பேசினார், வேறு சிலருக்கு அதே பேச்சு வீடியோவில் போனது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியப் பழகின, வீடியோ பார்த்தவை பழகவில்லை. உங்கள் மகன் ஒன்பது மாதக் குழந்தை இல்லை, அவன் திரையிலிருந்தும் சொல் பிடிப்பான், பிடித்துமிருக்கிறான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவரின் வாய்ச்சொல்லுக்கு இருக்கிற பலமே வேறு. டோரா ‘ஜன்னல்’ என்றால் அம்மம்மா ‘ஓ, எங்கட யன்னல் மாதிரி’ என்று சொல்லட்டும். பிள்ளையைக் கேலி மட்டும் செய்ய வேண்டாம். கேலி செய்தால் அவன் வாயைத் திறக்கவே யோசிப்பான்.

கேள்வி: நான் தரம் 4 ஆசிரியை. சுற்றாடல் பாடத்துக்குக் கார்ட்டூன் பயன்படுத்த விருப்பம். ‘புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகள் ஆயத்தமாக வேண்டிய நேரத்தில் விளையாட்டா?’ என்கிறார் அதிபர். வகுப்பில் ப்ரொஜெக்டரும் இல்லை. என்ன செய்யலாம்? – ஆசிரியை, தெமட்டகொடை

அதிபர் சொல்வதில் பாதி சரிதான். படத்தை ஓட விட்டுவிட்டு நாங்கள் மேசையில் கொப்பி திருத்தினால் அது விளையாட்டு நேரமேதான். நானும் அந்தப் பிழையை விட்டிருக்கிறேன். விதை முளைப்பது பற்றி ஒரு கார்ட்டூன், நல்ல நிறம், நல்ல பாட்டு, நடுவில் ஓர் அணில் வழுக்கி விழும். முடிந்ததும் வேர் என்ன செய்கிறது என்று கேட்டேன். வகுப்பே அமைதி. அணில் எத்தனை தரம் விழுந்தது என்று கேட்டேன், முப்பது கையும் மேலே. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத சுவாரசியம் பாடத்தை விழுங்கிவிடும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டது வேறு வழி, அதற்கு மின்சாரமே வேண்டாம். இங்கிலாந்தில் பிரெண்டா கியோ, ஸ்டூவர்ட் நெய்லர் என்ற இரண்டு பேர் 1990களின் தொடக்கத்தில் விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு வகைக் கார்ட்டூன் உருவாக்கினார்கள். ஒரே ஒரு சித்திரம், அதில் மூன்று நான்கு பிள்ளைகள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு கருத்துச் சொல்கிறார்கள், எது சரி என்று படத்தில் இருக்காது. அவர்களின் பெயர்பெற்ற படத்தில் ஒரு பனி மனிதன் நிற்கிறான், அவனுக்குக் கோட்டுப் போட்டால் கெதியாக உருகுவானா, மெதுவாக உருகுவானா என்று பிள்ளைகள் வாதிடுகிறார்கள். கொழும்புப் பிள்ளைக்குப் பனி மனிதன் எதற்கு? நான் கரும்பலகையில் மீன்கடை ஒன்றை வரைந்தேன், சாக்கால் மூடிய ஐஸ் கட்டி, சுற்றி நாலு பிள்ளைகள். ஒருத்தி, “சாக்குப் போட்டால் சூடாகும், கெதியாய் உருகும்” என்கிறாள். ஒருவன், “இல்லை, சாக்கு வெளிச் சூட்டை உள்ளே விடாது” என்கிறான். மற்றவன், “இரண்டும் ஒன்றுதான்” என்கிறான். நாலாவது பிள்ளையின் வாய்க்குமேல் வெறும் குமிழி, அதை வகுப்பு நிரப்ப வேண்டும்.

ஆண்டு முழுக்க வாயே திறக்காத ஒரு பிள்ளை எழும்பி, சாக்குப் போட்டால் கெதியாய் உருகும் என்றாள். மற்றவர்கள் சத்தம் போட்டதும், “நான் சொல்லேல்ல ரீச்சர், அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளைதான் சொல்லுது” என்றாள். எனக்கு மெய்சிலிர்த்தது. பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒளிந்து நின்று பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டது, அது வெறும் வெண்கட்டிக் கோடுதான் என்றாலும்.

அப்புறம் செய்து பார்த்தோம். யோகட் கோப்பை இரண்டில் உறைய வைத்த ஐஸ், ஒன்று வெறும் தட்டில், மற்றது மடித்த சாக்குத் துண்டுக்குள். ஒரு பாடவேளை முடிய வெறும் தட்டில் தண்ணீரும் ஒரு சிறு துண்டும்தான் மிச்சம், சாக்குக்குள் இருந்தது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. உடனே ஒரு பையன், “அப்ப நுவரெலியாவில சுவெட்டர் போட்டா ஏன் எங்களுக்குச் சூடாகுது?” என்று கேட்டான். சூடு வருவது எங்கள் உடம்பிலிருந்து, சுவெட்டர் அதை வெளியே விடாமல் வைத்திருக்கிறது, சாக்கு வெளிச் சூட்டை உள்ளே விடாமல் வைத்திருக்கிறது, இரண்டுக்கும் வேலை ஒன்றுதான் என்று பிள்ளைகளே வந்து சேர இன்னொரு பாடவேளை போனது. அதிபரை அந்த நாளில் வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

ஓடுகிற கார்ட்டூன் போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு நிமிடத் துண்டு போதும். பூனை மலை விளிம்பைத் தாண்டி ஆகாயத்தில் ஓடும், கீழே பார்த்த பிறகுதான் விழும். அந்த இடத்தில் நிறுத்தி, ‘இதில் எது பொய்?’ என்று கேளுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகள் போனில் கார்ட்டூன் போடாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். கார்ட்டூன் பார்த்தால் மூளை கெட்டுவிடும் என்று மாமி பயமுறுத்துகிறார். உண்மையா? – ஒரு தந்தை, வத்தளை

மூளை கெடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மாமி சொல்வதற்குப் பக்கத்தில் வருகிற ஓர் ஆய்வு இருக்கிறது. 2011இல் வெளியான அந்த ஆய்வில், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வேகமாக ஓடும் கார்ட்டூன் ஒன்பது நிமிடம், ஒரு பகுதிக்கு நிதானமான கார்ட்டூன், ஒரு பகுதிக்குப் படம் வரைய விட்டார்கள். உடனே சில சின்னச் சோதனைகள் வைத்தபோது, பொறுத்திருப்பது, யோசித்துச் செய்வது போன்றவற்றில் வேகக் கார்ட்டூன் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். இது பார்த்து முடிந்த கையோடு அளந்தது, வருஷக் கணக்கில் அல்ல. அதனால் பயப்படத் தேவையில்லை, நிதானமாக ஓடுவதைத் தெரிவு செய்தால் போதும். மகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் போடுங்கள், அந்த வயதில் திரும்பப் பார்க்கும்போதுதான் விளங்கும்.

நேரக் கணக்கு என்றால், மூன்று வயதுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சாப்பாட்டை அதற்குள் கொண்டுவராதீர்கள். திரையைப் பார்த்து விழுங்குகிற பிள்ளைக்கு வயிறு நிரம்பியதும் தெரியாது, புட்டா சோறா என்பதும் தெரியாது. ஒரே நாளில் போனைப் பறித்தால் வீடு போர்க்களமாகும், எனவே முதலில் காலைச் சாப்பாட்டை மட்டும் போன் இல்லாமல் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். நீங்களும் உங்கள் போனை உள்ளே வைத்துவிட்டு வர வேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி.

கேள்வி: நான் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறேன். பாடத்தைக் கார்ட்டூன் மாதிரி வரைந்து படித்தால் நினைவில் நிற்குமா? எனக்கு வரைய வராது. – மாணவி, வெள்ளவத்தை

நிற்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்த, 2016இல் வெளியான ஆய்வில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்களுக்கு அந்தச் சொல் அதிகம் நினைவில் நின்றது. படம் அழகாக இருந்ததா என்பது பொருட்டே இல்லை. ஆனால் புத்தகத்தைப் பார்த்துப் பிரதி பண்ணாதீர்கள், மகள். உதாரணத்துக்கு, முதலில் சிறுநீரகம் பற்றிய பாடத்தைப் படியுங்கள், பாடநூலை மூடுங்கள், அப்புறம் வெறும் தாளில் இரத்தம் எப்படி உள்ளே வருகிறது, என்ன கழிந்து போகிறது என்று வரையுங்கள். எந்த இடத்தில் பென்சில் நிற்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திறந்து பாருங்கள்.