கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில் தொடக்கத்தில் செய்த தவறுகளுக்காகப் புதுக் கணக்கு தொடங்க வேண்டுமா?

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கிடைத்த கதாபாத்திரங்களை எல்லாம் சமமாக வளர்த்துவிட்டு, அட்வென்ச்சர் ரேங்க் (ஆட்டக்காரரின் மொத்த நிலை) 35-இல் திணறுகிறாராம்.

வேண்டாம் தம்பி, பழைய கணக்கிலேயே தொடருங்கள். செலவழித்த அனுபவப் புத்தகங்கள் திரும்பி வராதுதான். ஆனால் லெவல் ஏற்றிய ஆர்டிஃபேக்டை (கதாபாத்திரத்துக்கு வலுக்கூட்ட அணிவிக்கும் பொருள்) இன்னொன்றுக்குத் தீனியாகப் போட்டால், அதில் ஏற்றிய புள்ளிகளில் 80 சதவீதம் புதியதற்கு வந்துவிடும்.

உண்மையான இழப்பு ரெசினில்தான், அதாவது பரிசுப் பொருள்களை எடுக்கச் செலவாகும் சக்தியில். 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும். 200 நிரம்ப 26 மணி 40 நிமிடம். அதற்கு மேல் தானாகச் சேராது. அதனால் காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில் தேவகோட்டை பஸ்ஸுக்கு நிற்கும்போதே ஒரு 40-ஐச் செலவழித்துவிடுங்கள், நல்ல பழக்கம் அது. ஆனால் ரேங்க் 45 வரும்வரை ஆர்டிஃபேக்ட் டொமைன் (ஆர்டிஃபேக்ட் கிடைக்கும் சவால் களம்) பக்கம் போகாதீர்கள். 45-இல்தான் ஒவ்வொரு முறையும் ஐந்து நட்சத்திர ஆர்டிஃபேக்ட் ஒன்றாவது உறுதி. அதுவரை பாஸ் (பெரிய எதிரி) தரும் பொருள், திறன்களை ஏற்றும் டேலன்ட் புத்தகம் போதும்.

அப்புறம் ஆர்டிஃபேக்டை ஒரே மூச்சில் 20-க்கு ஏற்றாதீர்கள். ஒவ்வொரு 4 லெவலுக்கும் துணைப் பண்பு ஒன்று கூடும் அல்லது புதிதாகச் சேரும். 8 வரை ஏற்றிப் பாருங்கள். கிரிட் (கூடுதல் சேதம் தரும் அடி) ஏறினால் தொடரலாம். டிஃபென்ஸ் மட்டுமே ஏறினால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ப்ரிமோஜெமை (குலுக்கலில் கதாபாத்திரம் பெறச் செலவாகும் கல்) ஸ்டாண்டர்ட் பேனரில் (எப்போதும் இருக்கும் பொதுக் குலுக்கல்) கொட்டாதீர்கள், அவ்வளவுதான்.

இனி நான்கு பேரை மட்டும் வளருங்கள். ஸ்பைரல் அபிஸ் என்ற சவால் பகுதியின் மூன்றாம் தளத்தை முடித்தால் ஷியாங்லிங் என்ற கதாபாத்திரம் இலவசம். முதல் புத்தகங்களை அவளுக்கே கொடுங்கள்.