120 பையில் போட்ட வேப்பங்கொட்டை ஒன்றுகூட முளைக்கவில்லை – பதில்

உங்கள் பள்ளி நாற்றங்காலில் 120 பையில் போட்ட வேப்பங்கொட்டை ஏன் முளைக்கவில்லை, மண் கலவையில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். மண் கலவையில் கோளாறு இல்லை. ஜூலையில் பொறுக்கி பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்ததை அக்டோபரில் விதைத்தீர்கள். அதற்குள் கொட்டை செத்துவிட்டது. வேம்பின் முளைப்புத்திறன் சாதாரணமாக ஓரிரு மாதம்கூடத் தாங்காது. காற்றுப் புகாத டப்பாவில் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

மீதிக் கொட்டையில் பத்தை எடுத்து, மேல் ஓட்டை உடைத்து, பருப்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளோ பழுப்போ என்றால் குப்பைக்குழிக்குத்தான். பிள்ளைகளுக்கு இதுவே நல்ல பாடம். ஆனால் வெட்டுவது நீங்களாக இருங்கள், பிளேடைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

அடுத்த பருவத்தில்:

1. மஞ்சளாகப் பழுத்த பழத்தை மட்டும் எடுங்கள்.
2. அன்றைக்கே மணலோடு பிசைந்து, சதை போகக் கழுவுங்கள். சதை ஒட்டியிருந்தால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.
3. நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். வெயில் கூடாது.
4. இரண்டு வாரத்துக்குள் ஒரு செ.மீ. ஆழத்தில், படுக்கைவாக்கில் ஊன்றுங்கள்.

மூன்று வாரம் வரை பொறுங்கள். தினமும் கிளறிப் பார்க்கும் ஆர்வக்கோளாறுதான் பள்ளி நாற்றங்காலின் பெரிய எதிரி!

பருப்பு பச்சையாக இருந்தாலும் எல்லாமே முளைக்கும் என்று சொல்ல முடியாது. பைக்கு இரண்டு போடுங்கள். இந்த வருடமே கன்று வேண்டுமென்றால் புங்கன் விதை தேடுங்கள், அது கிட்டத்தட்ட ஒரு வருடம் தாங்கும்.