‘இது என்ன நம்பர், சொல்லு!’

வணக்கம். என் மகனுக்கு நாலரை வயது. நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பான். ஆனால் 7 எழுதிய அட்டையைக் காட்டி என்ன நம்பர் என்று கேட்டால் விழிக்கிறான். 3-ஐத் திருப்பிப் போடுகிறான். விளையாட்டாகவே சொல்லித்தர எந்த ஆப் நல்லது? பள்ளியில் பின்தங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆப் எல்லாம் இருக்கட்டும், விடுங்கள். 3-ஐத் திருப்பி எழுதுவதும் இந்த வயதில் சகஜம். கோப்பையின் பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் அது கோப்பைதான் என்று பழகிய கண் அது. எண்ணுக்குத் திசை முக்கியம் என்பது பிடிபட நாளாகும்.

‘விழிக்கிறான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. ஏன் விழிக்க மாட்டான்? அட்டையை நீட்டி ‘சொல்லு, சொல்லு’ என்று நின்றால் அது விளையாட்டா, பரீட்சையா? நாலரை வயதுப் பிள்ளையை விருந்தாளி முன்னால் நிறுத்தி நம்பர் சொல்லச் சொல்லும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். நூறு வரை ஒப்பிப்பது அவனுக்குப் பாட்டு மாதிரி. ஏழு பொத்தானை எண்ணி எடுப்பது வேறு வேலை. தாளில் 7 என்ற கோட்டைப் பார்த்து ‘ஏழு’ என்பது இன்னொரு வேலை. மூன்றும் ஒன்றுசேர வேண்டும்.

என் தங்கை மகளுக்கு இந்த வயதில் ஒரு நீள அட்டையில் பத்துக் கட்டம் போட்டு, 1 முதல் 10 வரை எழுதிக் கொடுத்தேன். 1, 2 மட்டும் எழுதிய ஒரு சுழலி; சுற்றிவிட்டால் எந்த எண் விழுகிறதோ அத்தனை கட்டம் நகர வேண்டும். காயாக ஒரு சட்டைப் பொத்தான். காய் 5-இல் இருக்கும்போது 2 விழுந்தது. ‘ஒண்ணு, ரெண்டு’ என்று நகர்த்தினாள். ‘அப்படி இல்லடா, ஆறு, ஏழு’ என்றேன். அடுத்த ஆட்டத்தில் 6-இன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. 1-க்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்து ‘ஆறு!’ என்று கத்தினாள்.

இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று நகர்த்தும் பிள்ளை கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம். ‘ஆறு, ஏழு’ என்று சொல்ல வேண்டுமானால் பார்த்தே ஆக வேண்டும். சொல்லும் பெயரும் தொடும் எண்ணும் அந்த இடத்தில்தான் ஒட்டிக்கொள்கின்றன.

அமெரிக்காவில் கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கே தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் போல ஆட்டம். எண் எழுதிய கட்டங்களில் ஆடிய பிள்ளைகள் எண்களை அடையாளம் காண்பதிலும் எது பெரியது என்று சொல்வதிலும் முன்னேறினார்கள். எண் இல்லாமல் நிறம் மட்டும் பூசிய கட்டங்களில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. வட்டமான பலகையைவிட நேர் வரிசையே நல்லது என்றும் பிறகு கண்டார்கள். வளைந்து வளைந்து நூறு வரை ஏறும் பலகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பயம் புரிகிறதம்மா. ஆனால் அது அவன் காதில் விழ வேண்டாம். போதும் என்று அவன் எழுந்தால் விட்டுவிடுங்கள். எண்களைத் தடித்த பேனாவால் பெரிதாக எழுதுங்கள். ஆடும்போது எதிரில் உட்காராதீர்கள், அங்கிருந்து பார்த்தால் 6 உங்களுக்கு 9 ஆகிவிடும். அவன் பக்கத்திலேயே உட்காருங்கள்.