எஸ்எஸ்பியில் மீட்டர் முள் ஏன் ஏறுவதில்லை?

கேள்வி: என் அமெச்சூர் ரேடியோ லீனியர் ஆம்ப்ளிஃபையர் (அனுப்பும் சிக்னலின் திறனைக் கூட்டும் கருவி) சிடபிள்யூவில் (மோர்ஸ் முறை) கீயை அழுத்திப் பிடித்தால் 400 வாட் காட்டுகிறது. எஸ்எஸ்பியில் (குரல் அனுப்பும் முறை) பேசினால் அதே மீட்டர் 100 வாட்டைத் தாண்டுவதில்லை. மைக் கெயினைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கீயை அழுத்தும்போது அலையின் உயரம் மாறுவதில்லை. அங்கே சராசரித் திறனும் உச்சத் திறனும் (பிஇபி) ஒன்றுதான். பேச்சில் உச்சங்கள் கணநேரமே வருகின்றன, இடையில் வெற்றிடம். கம்ப்ரஷன் (மெல்லிய ஒலிகளை உயர்த்திச் சமன்படுத்துதல்) இல்லாத குரலின் சராசரி, உச்சத்தில் கால் பங்கோ அதற்கும் கீழோ இருக்கும். முள் மெதுவாக நகர்வதால் அந்தச் சராசரியை ஒட்டியே நிற்கிறது. முள் 400ஐத் தொடும்வரை கெயினைத் திருகினால் அலையின் தலை தட்டையாகிவிடும். பக்கத்து அலைவரிசைகளில் இரைச்சல் தெறிக்கும். ஆம்ப்ளிஃபையரும் வீணாகச் சூடேறும்.

மீட்டரில் பிஇபி சுவிட்ச் இருந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம். 12 வோல்ட் இணைப்பே கேட்காத மீட்டர்களில் அது பெரும்பாலும் டையோடுக்குப் பின்னால் சேர்த்த ஒரு கெப்பாசிட்டர் மட்டுமே. உச்சம் முடிவதற்குள் அது முழுதாக நிரம்பாது. அளவு குறைவாகவே காட்டும்.

நம்பகமான வழி, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப். ஆம்ப்ளிஃபையரை 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை ஏற்கும் மின்தடை) இணைத்து, நடுவில் 40 டெசிபல் ஆர்எஃப் டேப் (சிக்னலின் சிறு பகுதியை மட்டும் பிரித்துத் தரும் இணைப்பு) ஒன்றைச் செருகி, ஸ்கோப் பக்கத்தை 50 ஓமில் முடியுங்கள். 400 வாட்டில் லோடின் குறுக்கே உச்ச மின்னழுத்தம் 200 வோல்ட். டேப்பில் அது 2 வோல்ட்டாக வரும். சாதாரண ப்ரோப்பை நேராக லோடில் வைக்காதீர்கள், அதன் மின்னழுத்த வரம்பு அதிர்வெண் ஏற ஏற இறங்கும்.

முதலில் சிடபிள்யூவில் மீட்டர் 400 காட்டும் நிலையில், ஸ்கோப்பில் மேலிருந்து கீழ்வரை 6 கட்டம் வரும்படி அமையுங்கள். பிறகு எஸ்எஸ்பிக்கு மாறி இயல்பாகப் பேசுங்கள். உச்சங்கள் 6 கட்டத்தைத் தொட்டால் 400 வாட் பிஇபி வருகிறது. 4 கட்டம்தான் என்றால் (4/6)² × 400, அதாவது ஏறத்தாழ 178 வாட். டிஜிட்டல் ஸ்கோப்பாக இருந்தால் பீக் டிடெக்ட் முறையில் வையுங்கள். இல்லையேல் மெதுவான ஸ்வீப்பில் உச்சங்கள் தவறிப்போகும்.

ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் ஒரு கூரிய முனை 6 கட்டத்தைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். டிரான்ஸீவரின் (ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் தரும் ரேடியோ) ஏஎல்சி, அதாவது திறன் எல்லை மீறாமல் தானாகக் கட்டுப்படுத்தும் சுற்று, தாமதமாகப் பிடிப்பதன் அறிகுறி அது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரைக் கொல்லக்கூடியது; சாதாரண வாட் மீட்டர் அதைக் காட்டாது. டிரான்ஸீவரின் பவர் செட்டிங்கைக் குறைத்த பின்னும் முனை தென்படலாம், ஆகவே மறுபடியும் ஸ்கோப்பில் பாருங்கள்.

கணக்குப் போடுபவர்கள் கவனிக்க: பிஇபி என்பது உச்ச மின்னழுத்தத்தின் வர்க்கத்தை 2R-ஆல் (R என்பது லோடின் மின்தடை) வகுத்து வருவது. R-ஆல் மட்டும் வகுத்தால் 800 வாட் என்ற பொய்க்கணக்கு வரும்.

எஃப்டி8 (கணினிவழி டிஜிட்டல் முறை), ஆர்டிடிஒய் (ரேடியோ டெலிடைப்) இரண்டிலும் அலை உயரம் மாறாது. பேச்சுக்கென 400 வாட் குறித்த ஆம்ப்ளிஃபையரை அங்கே 200 வாட்டில் தொடங்கி, ஹீட்சிங்க் சூட்டைப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். ஏஎம்மில் முழு மாடுலேஷனின் உச்சம், கேரியரைப்போல் (குரல் ஏறாத அடிப்படை அலை) 4 மடங்கு. கேரியர் 100 வாட்டைத் தாண்டக் கூடாது.