சின்னச் சின்ன அடிகளாக விசுவாசத்தில் வளர்வது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களோடும், பல வருடம் சபைக்குப் போயும் உள்ளுக்குள் வறண்டு கிடக்கிறவர்களோடும் உட்கார்ந்து வேதம் வாசிக்கும் பொறுப்பு எனக்குப் பல ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வசனங்களைப் பெரும்பாலும் என் வார்த்தையில் சொல்லி, இடத்தைக் குறிப்பிடுகிறேன். நீங்களே வேதத்தைத் திறந்து சரிபாருங்கள்.

கேள்வி: வேலைக்குப் போகிறேன், இரண்டு சிறு பிள்ளைகள். தினமும் அதிகாலையில் ஒரு மணி நேரம் ஜெபித்தால்தான் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர முடியும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடியவே இல்லை. குற்ற உணர்வுதான் மிச்சம்.

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். அதிகாலையில் ஒரு மணி நேரம் என்ற கட்டளை வேதத்தில் எங்கும் இல்லை. இயேசு இருட்டோடு எழுந்துபோய் ஜெபித்தார் (மாற்கு 1:35). இராமுழுவதும் மலையில் ஜெபித்ததும் உண்டு (லூக்கா 6:12). தானியேல் தினமும் மூன்று வேளை முழங்கால்படியிட்டார் (தானியேல் 6:10). நேரமும் அளவும் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஆனால் திரும்பத் திரும்பப் பிதாவிடம் போவதை அவர்கள் விடவில்லை.

ஆதிச் சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்று டிடாக்கே. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தினமும் மூன்று முறை சொல்லுங்கள் என்கிறது அது. உங்களுக்கும் அதையே சொல்வேன். எழுந்து முகம் கழுவியதும் ஒரு முறை, மதியம் சாப்பிட உட்காரும்போது ஒரு முறை, விளக்கை அணைக்கும் முன் ஒரு முறை. ஏற்கெனவே தவறாமல் செய்கிற காரியத்தோடு சேர்த்துவிட்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரு மூச்சு நில்லுங்கள். 'அன்றன்றுள்ள ஆகாரம்' என்று வரும்போது அந்த மாதச் செலவு மனதுக்கு வரட்டும், அதை அப்படியே சொல்லுங்கள். 'எங்கள் கடன்காரருக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று வரும்போது யார் முகம் வருகிறதோ அங்கே கொஞ்சம் கூடுதலாகவே நில்லுங்கள். மூன்று நான்கு நிமிடம் ஆகும். என்றைக்காவது பிள்ளைகள் சீக்கிரம் தூங்கி அரை மணி நேரம் கிடைத்தால், சந்தோஷமாக அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் ஆதியாகமத்தில் தொடங்குகிறேன் ஐயா, லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். எங்கிருந்து வாசிப்பது?

பதில்: மாற்குவிலிருந்து. 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது, கதை வேகமாக ஓடும். அப்புறம் லூக்கா, அதன் தொடர்ச்சியாக அப்போஸ்தலர். இந்த இரண்டும் ஒரே எழுத்தாளரின் இரண்டு பாகங்கள். நடுநடுவே தினம் ஒரு சங்கீதம்.

முழு வேதாகமத்திலும் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. ஒரு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் தினம் மூன்று நான்கு அதிகாரம் ஓட வேண்டும். அது ஒரு நல்ல பயிற்சிதான், ஆனால் புதிதாக வாசிக்கிறவருக்கு முதல் பயிற்சியாக நான் அதைக் கொடுப்பதில்லை. அரை அதிகாரத்தை இரண்டு முறை வாசியுங்கள். இரண்டாவது முறை வாயைத் திறந்து சத்தமாக. பிறகு மூன்றே கேள்விகள்: இங்கே தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? இன்றைக்கு நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? மூன்றாவதற்குத் தினமும் பதில் வராது. வலிந்து தேட வேண்டாம்.

இன்னொன்று, இப்போது நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில்தான் வந்தன, வசன எண்கள் 16ஆம் நூற்றாண்டில். அதனால் அதிகாரம் முடிகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்றில்லை. ஒரு சம்பவம் முடியும்போது நிறுத்தினாலே அதிகம் புரியும்.

லேவியராகமத்தை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். எபிரெயர் நிருபத்தை வாசித்துவிட்டு அங்கே திரும்பிப் போங்கள். பலிபீடமும் ஆசாரியனும் எதற்கு என்று அப்போது விளங்கும்.

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது.

பதில்: எல்லோருக்கும் ஓடும் தம்பி. ஓடிப்போன இடத்தையே ஜெபமாக்குங்கள். தேர்வு நினைவுக்கு வந்தால் தேர்வுக்காக, நண்பன் வந்தால் நண்பனுக்காக. வாயைத் திறந்து மெல்லிய குரலில் ஜெபிப்பதும் நோட்டில் எழுதி ஜெபிப்பதும் உதவும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் ஒன்றுமே உணர முடியவில்லை. பாடினாலும் ஜெபித்தாலும் சுவரோடு பேசுவது போல இருக்கிறது. தேவன் என்னை விட்டுவிட்டாரா?

பதில்: இல்லை. இதைத் தயங்காமல் சொல்கிறேன். நீங்கள் கேட்ட அதே கேள்வி வேதத்துக்குள்ளேயே ஜெபமாக எழுதப்பட்டிருக்கிறது. 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் தாவீது நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார். அது கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்புகிறது. 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்பக்கூட இல்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த வேதமாக நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் உணராத நாட்களுக்கும் ஒரு ஜெபம் உண்டு என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். மதர் தெரசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007இல் வெளியானபோது, அவர் பல பத்தாண்டுகள் இப்படிப்பட்ட உள்வறட்சியோடுதான் ஊழியம் செய்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. உணர்வு போனதால் விசுவாசமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? 1 இராஜாக்கள் 19ஐ எடுத்துப் பாருங்கள். எலியா சாக வேண்டும் என்று கேட்டுவிட்டு ஒரு செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூதன் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறார், மறுபடியும் சாப்பாடு. தேவன் மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். ஆகவே நானும் முதலில் தூக்கத்தையும் உணவையும் பற்றிக் கேட்பேன். அழுது தீர்க்காத துக்கம் ஏதாவது உண்டா? யார் மேலாவது கசப்பு? மறைத்து வைத்திருக்கும் பாவம்? இருந்தால் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எந்தக் காரணமும் தெரியாமல், எழுந்திருக்கவே பிடிக்காமல், வாழ்வதில் விருப்பமே இல்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோய், அது விசுவாசக் குறைவு அல்ல. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

இந்தக் காலத்தில் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், விட வேண்டாம். சொந்த வார்த்தை வரவில்லையென்றால் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், ஆறே வசனம். அன்றைய ஜெபம் அதுதான்.

கேள்வி: ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன். அரை மணி நேரத்தில் வீட்டில் கத்துகிறேன். நான் மாய்மாலக்காரனா?

பதில்: இப்படிக் கேட்பதே மனசாட்சி உயிரோடு இருப்பதற்கு அடையாளம். கேட்டதற்கு நன்றி அண்ணே. என்னைக் கேட்டால், விசுவாச வளர்ச்சியின் முக்கியமான இடம் இதுதான். கலாத்தியர் 5இல் ஆவியின் கனி ஒன்பது அம்சங்களாக வருகிறது: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். தனியறையில் உட்கார்ந்து இவற்றில் எத்தனையைக் காட்ட முடியும்? பொறுமையாக இருக்க, பொறுமையைச் சோதிக்கிற ஒருவர் எதிரே வேண்டும். பெரும்பாலும் அவர் நம் வீட்டிலேயே இருக்கிறார்.

ஜெப நேரத்தைக் கூட்டச் சொல்லமாட்டேன். இதைச் செய்து பாருங்கள். எந்த நேரத்தில், எதற்காகக் கோபம் வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அனேகமாகக் குறிப்பிட்ட சில தருணங்கள்தான் இருக்கும்: வேலையிலிருந்து வந்து நுழைகிற முதல் பத்து நிமிடம், கிளம்பத் தாமதமாகிற காலை. அந்தத் தருணத்துக்குச் சற்று முன், கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அரை நிமிடம் போதும். யாக்கோபு 1:19 சொல்வது போல, கேட்பதற்குத் தீவிரமாகவும் பேசுவதற்குத் தாமதமாகவும் இருக்க அது உதவும்.

அப்படியும் கத்திவிட்டால், அன்று பொழுது போவதற்குள் மன்னிப்புக் கேளுங்கள். "நான் கத்தியது தப்பு, மன்னித்துவிடு." அதோடு நிறுத்துங்கள். 'ஆனால் நீயும்...' என்று தொடர்ந்தால் அது மன்னிப்பு இல்லை. பிள்ளைகளிடமும் இப்படியே கேட்க வேண்டும். காணிக்கையைப் பலிபீடத்திலேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார் (மத்தேயு 5:23-24). ஆராதனையையே பாதியில் நிறுத்தலாம் என்கிற அளவுக்கு இதை அவர் முக்கியமாக நினைத்தார்.

கேள்வி: இரவில் போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன், அழுகிறேன், மறுபடியும் பார்க்கிறேன். எத்தனை முறைதான் மன்னிப்புக் கேட்பது?

பதில்: ஒவ்வொரு முறையும். 1 யோவான் 1:9 கணக்கு வைக்கவில்லை. ஆனால் அழுகையோடு மட்டும் நின்றுவிடக் கூடாது. கண் இடறினால் பிடுங்கிப்போடு என்று இயேசு சொன்னதன் நோக்கம், காரணத்தையே தூரமாக்கு என்பதுதான். போன் இரவில் உங்கள் அறையில் இருக்க வேண்டாம். எழுப்புவதற்குத் தனியாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, நம்பகமான, வயதில் மூத்த ஒருவரிடம் சொல்லுங்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறது யாக்கோபு 5:16. இதை யாருக்கும் தெரியாமலே ஜெயித்துவிடலாம் என்று வருடங்களைக் கடத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். சொன்ன அன்றைக்கே பாதி பாரம் போய்விடுகிறது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். தேவன் இருக்கிறாரா என்றே சில நாள் சந்தேகம் வருகிறது. சபையில் கேட்கப் பயம்.

பதில்: கேளுங்கள் தங்கையே. யோவான்ஸ்நானன் சிறையிலிருந்து, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா" என்று ஆள் அனுப்பிக் கேட்டார். இயேசு கோபப்படவில்லை. நடப்பதைப் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் யோவானைப் பாராட்டினார் (மத்தேயு 11). பிள்ளையைச் சுகமாக்கும்படி கேட்டு வந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று அழுதான் (மாற்கு 9:24). அந்த அரைகுறை விசுவாசத்தோடு வந்தவனின் பிள்ளை குணமானான். சந்தேகங்களை எழுதி வையுங்கள், ஒவ்வொன்றாக வாசியுங்கள், விவரமறிந்தவர்களிடம் கேளுங்கள். அதற்கிடையில் ஜெபத்தையும் நிறுத்தாதீர்கள். அந்தத் தகப்பனின் ஜெபமே போதும்.

கேள்வி: சபையில் மனம் நொந்துபோனேன். வீட்டிலேயே இணையத்தில் ஆராதனை பார்க்கிறேன். போதாதா?

பதில்: எதனால் நொந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்களை அவமானப்படுத்தினார்கள், பணத்துக்கோ உடலுக்கோ அத்துமீறினார்கள் என்றால் அங்கே திரும்பிப் போக வேண்டாம். பொறுத்துக்கொள் என்று சொல்கிறவர்களின் பேச்சையும் கேட்க வேண்டாம். நடந்ததை உரியவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் தனியாகவும் இருந்துவிடாதீர்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது, ஒருவருக்கொருவர் மன்னிப்பது, ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது, இதெல்லாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து செய்கிற காரியம் இல்லை. இரண்டு மூன்று பேரோடு வாரம் ஒரு முறை கூடி ஜெபிப்பதில் தொடங்கலாம்.

கேள்வி: ஊழியம் என்று நான் எதுவுமே செய்யவில்லையே.

பதில்: 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் பல வருடம் சமையலறையில் வேலை செய்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் தேவனோடு பேசிக்கொண்டே இருக்கலாம் என்று அவர் சொன்னதைக் கேட்க மக்கள் தேடி வந்தார்கள். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்று பவுல் எழுதியதுகூட அடிமை வேலை செய்தவர்களுக்குத்தான் (கொலோசெயர் 3:22-24). உங்கள் அலுவலகத்தில் யாரும் பேசாத ஒருவர் இருப்பார். அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயதாகிவிட்டது. கண் மங்கிப்போய் வேதம் வாசிக்க முடியவில்லை. இனி நான் எப்படி வளர்வது?

பதில்: அம்மா, முதல் விசுவாசிகளில் பெரும்பாலானோர் வேதத்தைக் கையில் வைத்து வாசித்ததே இல்லை. நிருபங்களைச் சபையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள் (கொலோசெயர் 4:16). வெளிப்படுத்தின விசேஷம் 1:3, வாசிக்கிறவனுக்கு மட்டுமல்ல, கேட்கிறவர்களுக்கும் ஆசீர்வாதம் சொல்கிறது. ஒலி வடிவில் தமிழ் வேதாகமம் போனிலேயே கிடைக்கிறது, யாரையாவது போட்டுத்தரச் சொல்லுங்கள். அதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. வீட்டிலோ சபையிலோ இருக்கும் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, தினம் பத்து வசனம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 71ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள், முதிர்வயதில் என்னைக் கைவிடாதேயும் என்று ஜெபிக்கிற சங்கீதம் அது. வாசித்து முடித்ததும், தேவன் உங்கள் வாழ்க்கையில் செய்தது ஒன்றை அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அடுத்த தலைமுறைக்கு உமது வல்லமையை அறிவிக்கும்வரை என்று அதே சங்கீதம் 18ஆம் வசனத்தில் கேட்பதும் இதைத்தான்.